நாசா சொன்னதா, டீச்சர்?

மயிலாடுதுறைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சாக்பீஸ் பிடித்து 26 வருஷம். போன், செய்தி, வெளியுலகம் இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். “சுருக்கமா எழுதுங்க டீச்சர்” என்று ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருக்கிற ஆள் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் பள்ளி ஹைடெக் லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர் ஆறு. வகுப்பில் 42 பேர். நெட் இருக்கும் நாளில் கரன்ட் இருக்காது. இதில் டிஜிட்டல் கல்வியாவது, ஊடகக் கல்வியாவது? — ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

சார், நான் இந்தப் பாடத்தை முதன்முதலில் எடுத்தபோது கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. கரும்பலகையில் ஒரு வாட்ஸ்அப் செய்தியை எழுதிப்போட்டேன். எங்கள் பக்கத்தில் அதைக் கேள்விப்படாத வீடு கிடையாது. திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகிற செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நின்றுவிட்டுப் போகின்றனவாம், நாசாவே வியந்துபோயிற்றாம்.

“இதுல பேர் இருக்கிற ஆள் யாரு, அடிக்கோடு போடுங்க” என்றேன். யாருமில்லை. தேதி? இல்லை. செயற்கைக்கோளின் பெயர்? இல்லை. அடிக்கோடு போட ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது: நாசா. “நாசான்னா நாசாவுல யாரு டீச்சர், வாட்ச்மேனா?” என்றான் கடைசி பெஞ்சுக்காரன். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் நல்ல கேள்விகளில் ஒன்று அது.

பிறகு கணக்குக்கு வந்தோம். தாழ்வான சுற்றுப்பாதையில் போகிற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் ஓடும். மூன்று விநாடிக்கு 22 கிலோமீட்டர் சொச்சம். திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் 5 கிலோமீட்டர்தான். அதாவது ஊரைப் பார்த்தோம் என்று சொல்வதற்குள் அது கடலுக்கு மேலே போயிருக்கும். அப்போது முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளைப் பார்க்கிறேன், வாயே திறக்கமாட்டாள். “நின்னா கீழ விழுந்துடாதா டீச்சர்?” ஓடுவதால்தான் அது மேலேயே இருக்கிறது என்பதை அறிவியல் டீச்சரைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னேன். ஒரு பீரியட் இரண்டாகிவிட்டது.

முக்கியமானது அதற்கப்புறம் வந்தது. ஒரு பையன் முகம் சுண்டிப்போய், “அப்ப கோயில் பொய்யா?” என்று கேட்டான். வருஷா வருஷம் சனிப்பெயர்ச்சி, சனிக்கிழமை என்று அந்தக் கோயிலுக்கு நடக்கிற குடும்பம். இந்த இடத்தில் கை தவறினால் அந்தப் பிள்ளை இனி நம் பாடத்தைக் காதிலேயே வாங்காது. “சம்பந்தர் பாடின கோயில்டா அது. ஆயிரத்து முந்நூறு வருஷமா சனங்க வந்துக்கிட்டிருக்காங்க. அதுக்கு நாசா சர்டிபிகேட் வேணுமா?” என்றேன். யோசித்துவிட்டு உட்கார்ந்தான்.

இதற்கு ஆன செலவு இரண்டு சாக்பீஸ். உங்கள் ஆறு கம்ப்யூட்டரை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு அது முதலில் எங்கே, எந்த வருஷம் வந்தது என்று தேடச் சொல்லுங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஏழு பேர், ஒருவர் மவுஸ் பிடிக்க மற்றவர்கள் சண்டை போடட்டும். தனித்தனியாக உட்கார வைத்ததைவிட எனக்கு அது நன்றாகவே வேலை செய்தது. தொடங்குவதற்கு, நாசா எடுத்த தீபாவளி இரவு இந்தியா என்று ஐப்பசி தவறாமல் சுற்றுகிற அந்த வண்ணப் படம் நல்லது. ஒரே இரவில் எடுத்ததல்ல அது. 1992-லிருந்து 2003 வரை ஊர்களில் விளக்கு எப்படிப் பெருகியது என்று காட்ட, வெவ்வேறு வருஷத்துப் படங்களுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்து அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் சேர்த்தது. சிவப்பாகத் தெரிவது மத்தாப்பு இல்லை, 2003-ல் புதிதாக வந்த தெருவிளக்கு.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வருவது எல்லாமே பொய்தானா? — வாசகர், சேலம்

இல்லை. “நாளை பால் இல்லை” என்று எங்கள் பால்காரர் அனுப்புவது இதுவரை பொய்த்ததில்லை.

கேள்வி: இதெல்லாம் பொதுத்தேர்வில் வருமா? மார்க் இல்லாத பாடத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? — பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை, நாமக்கல்

வராது ஐயா. ஆனால் ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். 2017 பிப்ரவரி. தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பள்ளிகளிலேயே போட்டார்கள், 15 வயது வரை. அதற்கு முந்தின வாரமே போன்களில் ஆரம்பித்துவிட்டது: ஊசி போட்டால் பிள்ளை பெறமுடியாது, எங்கோ ஒரு பள்ளியில் மயங்கி விழுந்தார்கள், இப்படி. ஊசி நாளன்று வருகைப் பதிவேட்டில் நான் போட்ட ஆப்சென்ட் 11. மதியம் ஓர் அம்மா ஓடிவந்து, வந்திருந்த பிள்ளையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். படித்தவர்தான். “எங்க ஓரகத்தி அனுப்பியிருக்கா டீச்சர், அவ பொய் சொல்லுவாளா?” என்றார். ஓரகத்தி பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்ததை அனுப்பினார்.

மறுவருஷம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரம். குலதெய்வம் கும்பிட வந்த 65 வயது அம்மா, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றுவிட்டார்கள்.

அந்த நாள்களில் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோ உண்டு. தெருவில் விளையாடும் குழந்தையை பைக்கில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். நம் ஊர்களுக்கு வந்தபோது அந்தக் கடைசித் துண்டு இல்லை. யாரோ வெட்டியிருந்தார்கள். என் வகுப்பில் நான் கேட்பது: “இந்த வீடியோவுக்கு முன்னாடி பத்து விநாடி என்ன நடந்திருக்கும், பின்னாடி பத்து விநாடி என்ன நடந்திருக்கும்?” இரண்டையும் நோட்டில் எழுதவேண்டும். ஒரே வீடியோவுக்கு 38 கதை வந்தது. அவர்களே ஒருவர் நோட்டை ஒருவர் படித்துத் திகைத்துப் போனார்கள்.

அதே 2018-ல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஏறக்குறைய 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைப் பிடிப்பது எப்படி என்று ‘சத்யமேவ ஜெயதே’ என்ற பெயரில் வகுப்பே நடத்தினார்கள். மாவட்ட நிர்வாகமே முன்னின்று செய்தது. அங்கே தேர்வில் அதற்கு மார்க் உண்டா என்று கேட்கிறீர்களா? எனக்கு அந்தக் கவலையே எழவில்லை.

கேள்வி: என் மகன் இப்போது எதையுமே நம்புவதில்லை. பேப்பரில் வந்தாலும் “அவன் காசு வாங்கியிருப்பான்” என்கிறான். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கூகுளில் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறான். உங்களைப் போன்ற டீச்சர்கள் சொல்லிக்கொடுத்ததுதானே இது? — ஒரு தாய், திருப்பூர்

அம்மா, பாதிக் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன். முதல் சில வருஷம் நானும் பொய்யையே காட்டிக்காட்டிப் பாடம் நடத்தினேன். வருஷக் கடைசியில் ஒரு தாளில் பத்துச் செய்திகள் கொடுத்தேன். ஏழு உண்மை, மூன்று பொய். பத்தையும் பொய் என்று எழுதிவிட்டு நூறு மார்க் வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள் பல பேர். இலங்கையில் 2022-ல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்த செய்தியை ஒருத்தியும் நம்பவில்லை. “இப்படியெல்லாம் நடக்குமா டீச்சர்?” நடந்தது. உலகமே பார்த்தது.

எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்குப் படிப்பே தேவையில்லை. டீக்கடை பெஞ்சு போதும். எதை எப்போது நம்பலாம் என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஒரு சோதனை செய்தார்கள். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 25 கல்லூரி மாணவர்கள், 10 உண்மை சரிபார்க்கிறவர்கள். ஒரே இணையதளங்களை எல்லோருக்கும் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். மாணவர்களும், பேராசிரியர்களில் பலரும், தளத்தை மேலிருந்து கீழே ஊன்றிப் படித்தார்கள். பெயர் கம்பீரமாக இருக்கிறது, லோகோ நன்றாக இருக்கிறது என்று ஏமாந்தார்கள். சரிபார்க்கிறவர்களோ பக்கத்தைத் திறந்த வேகத்தில் அதைவிட்டு வெளியேறினார்கள். பக்கத்திலேயே இன்னொரு டேபைத் திறந்து, “இவங்க யாரு? இவங்களைப் பத்தி மத்தவங்க என்ன சொல்றாங்க?” என்று தேடினார்கள்.

நம் வீட்டில் ஜாதகம் வந்தால் என்ன செய்வோம்? பையன் வீட்டார் சொல்வதை அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து ஆராய்வோமா? காபியைக் குடித்துவிட்டு வந்து, அந்தத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரை விசாரிப்போம். அதையேதான் அவர்களும் செய்தார்கள். உங்கள் மகனிடம் மாத்திரையின் பெயரைப் போட்டுப் பயமுறுத்தும் முதல் பக்கத்தைப் படிக்காமல், அந்தப் பக்கத்தை எழுதியவர் யார் என்று தேடச் சொல்லுங்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் அந்த டாக்டரிடமே போய் வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு கூகுளிடம் போகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: ஏஐ கட்டுரை எழுதித் தருகிறது. பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? — தமிழாசிரியை, விருதுநகர்

கண்டுபிடிக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். எங்கள் பள்ளித் தமிழம்மா செய்ததைச் சொல்கிறேன். நேர்மை பற்றிக் குறளோடு கட்டுரை கேட்டிருந்தார். ஒருத்தி கொண்டுவந்த கட்டுரையில் அழகான குறள், கூடவே எண்ணும் இருந்தது. தமிழம்மாவுக்கு 1330-ம் தலைகீழ்ப் பாடம். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதைப் பலகையில் எழுதி, “சீர் பிரிங்கடி” என்றார். முதல் அடியில் நாலு, சரி. இரண்டாம் அடியிலும் நாலு. மூன்றல்லவா இருக்கவேண்டும்? நூலகத்திலிருந்து திருக்குறளை எடுத்து அந்த எண்ணைப் பார்த்தார்கள். அங்கே மழையைப் பற்றிய குறள் உட்கார்ந்திருந்தது.

எழுதிவந்த பெண் அழுதுவிட்டாள். தமிழம்மா திட்டவில்லை. “வள்ளுவருக்கே எழுதிக் கொடுக்கிற அளவுக்கு அதுக்குத் தைரியம் பாருடி” என்றார். அதிலிருந்து எங்கள் பள்ளியில் ஏஐ தந்த மேற்கோள் எதுவானாலும் முதலில் சீர் எண்ணுவார்கள், பிறகு புத்தகம் புரட்டுவார்கள். வீட்டுப்பாடமே இப்போது இப்படித்தான்: ஏஐ எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதில் தப்பு எங்கே என்று சிவப்பு மையில் திருத்திக்கொண்டு வரவேண்டும். டீச்சர் வேலை கிடைத்ததில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

(மெய்ப்பொருள் காண்பது அறிவு என்ற குறளை நான் இங்கே மேற்கோள் காட்டப்போகிறேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். எல்லா மேடையிலும் கேட்டாயிற்று.)

கேள்வி: எந்த வயதில் பிள்ளைக்குத் தனியாகப் போன் கொடுக்கலாம்? — வாசகி, கோவை

என்னிடம் வயது கிடையாது. போனில் தப்பான ஏதாவது நடந்துவிட்டால் பயப்படாமல் உங்களிடம் வந்து சொல்வாளா? சொல்வாள் என்றால் யோசிக்கலாம். பணம் போய்விட்டால் உடனே அழைக்கவேண்டிய எண் 1930. இதை நீங்களும் மனப்பாடம் செய்துவையுங்கள். நாழிகை ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: உலகளாவிய கல்வி என்று பேசுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு உள்ளூர் நடப்பே தெரியவில்லை. உலகம் எதற்கு? — ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, உங்களுக்குத் தெரியாததா. நம் டெல்டாவில் உலகம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாவோ சித்தப்பாவோ குவைத்தில், சிங்கப்பூரில். குவைத் நமக்கு இரண்டரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். நேர மண்டலத்தை நான் நடத்தவே வேண்டியதில்லை. “அப்பா டூட்டி முடிஞ்சு கூப்பிடும்போது நமக்கு மணி என்ன?” என்றால் போதும், கூட்டிக் கழித்துவிடுகிறார்கள்.

ஆனால் வரைபடம் அவர்களை ஏமாற்றுகிறது. சுவரில் தொங்குகிற உலகப் படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிது. உருண்டைப் பூமியைத் தட்டையாக்க 1569-ல் மெர்கேட்டர் கண்ட வழி அது. மாலுமிகளுக்குத் திசை காட்ட வசதி, ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப்போகும். உண்மையில் கிரீன்லாந்து 21 லட்சத்து 66 ஆயிரம் சதுர கிலோமீட்டர், இந்தியா 32 லட்சத்து 87 ஆயிரம். உலக உருண்டைமேல் டிரேசிங் பேப்பர் வைத்து இரண்டையும் வரைந்து வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். “மேப்பும் பொய் சொல்லுமா டீச்சர்?” என்றாள் ஒருத்தி. யாருக்காக வரைந்தது என்று கேள், என்றேன்.

இன்னொன்றும் செய்கிறோம். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் வெளிநாட்டு வேலை நோட்டீஸைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவார்கள். ஏஜென்ட்டின் பதிவு எண் இருக்கிறதா? இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்திலுள்ள பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா? என்ன விசா? டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய் அங்கே மாற்றித்தருகிறேன் என்கிறானா? சென்ற முறை வந்த ஏழு நோட்டீஸில் நான்கில் செல்போன் எண்ணைத் தவிர வேறு எதுவுமில்லை. 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடைத்துவைத்தார்கள் அல்லவா? அந்தச் செய்தியையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இந்தப் பாடம். போன மாதம் ஒரு பையன் தன் அண்ணனின் ஆஃபர் லெட்டரைப் புத்தகப் பைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். “யாருக்கும் தெரிய வேணாம் டீச்சர், நீங்க பாருங்க.” பார்த்தோம். அண்ணன் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். என்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறார்.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் அனுப்பிய செய்தியை, “பாட்டி இது ஃபேக்” என்று எல்லார் முன்னாலும் போட்டுவிட்டான் என் பேரன். எட்டாவதுதான் படிக்கிறான். எனக்கு அவமானமாகிவிட்டது. இதுதான் நீங்கள் கற்றுத்தரும் லட்சணமா? — ஒரு பாட்டி, கும்பகோணம்

அம்மா, அவன் சொன்னது சரியாக இருந்தாலும் சொன்ன இடம் தப்பு. அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: குழுவில் போடாதே, பாட்டியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல். அதற்காக நீங்களும் ஒன்று செய்யவேண்டும். அவன் சொன்ன பிறகு, அனுப்பியதை நீங்களே அழித்துவிடுங்கள்.

எனக்கும் இது நடந்தது. 2011 குடியரசு தினத்தன்று, நம் தேசிய கீதத்தை உலகின் சிறந்த கீதமாக யுனெஸ்கோ தேர்ந்தெடுத்தது என்று அறிவிப்புப் பலகையில் கலர் சாக்பீஸில் பூவெல்லாம் போட்டு எழுதினேன். யுனெஸ்கோ 2008-லேயே அப்படி எதுவும் இல்லை என்று மறுத்திருந்தது. தேடிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம். எட்டு வருஷம் கழித்து, நான் இந்த வகுப்புகளை எடுக்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பலகையை அன்று படித்த ஒரு பழைய மாணவன் ரேஷன் கடை வரிசையில் என்னைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்: “டீச்சர், அந்த யுனெஸ்கோ மேட்டர்…” அவ்வளவுதான். மேலே சொல்லவில்லை. சர்க்கரை போட்டார்களா என்று பேச்சை மாற்றிவிட்டான்.

கேள்வி: இத்துடன் அனுப்பியுள்ள படம் ராமேஸ்வரம் கடலில் போன வாரம் கரை ஒதுங்கிய கடற்கன்னி. உங்கள் பகுதியில் அவசியம் வெளியிடவும். — வாசகர், மதுரை

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவிடம் கொடுத்திருக்கிறேன். கடற்கன்னியின் பின்னால் தெரிகிற போர்டில் இருப்பது நம் எழுத்து இல்லை என்பதுவரை வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை லேபில் நெட் இருந்தால் மீதியும் தெரிந்துவிடும்.